கோளாறு தெரிந்தது பிரேக்கில், தொடங்கியது கிளட்சில்: குன்னூர் இறக்கத்தில் ஒரு வண்டி

வண்டி 150 சிசி பைக், ஐந்து கியர், பழைய கார்பரேட்டர் மாடல். முன்னால் ஒற்றை டிஸ்க், பின்னால் 130 மி.மீ டிரம். ஏ.பி.எஸ். கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தேயிலைத் தூள் மூட்டையும் வர்க்கிப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு இறங்கும். லோடு சுமார் 60 கிலோ. மாலையில் காலியாக மேலே ஏறி வரும்.

எங்கள் பட்டறையில் ஓட்டுபவர் சொன்ன புகார் ஒரே வரிதான்: "பிரேக் பிடிக்கவே இல்லைங்கண்ணா. முன் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்திடுச்சு, பின்னாடி பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி மட்டும் நிக்கல." பர்லியாறு தாண்டி, கல்லாறு வருவதற்கு முன் ஒரு கொண்டை ஊசி வளைவில் நடந்தது. லீவரைப் படபடவென்று ஐந்தாறு முறை அடித்ததில் கொஞ்சம் பிடி கிடைத்திருக்கிறது. வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். உடம்பில் அடியில்லை. அரைமணி நேரம் கழித்து லீவரைப் பிடித்தால் பழையபடி கெட்டியாக இருந்திருக்கிறது. மெதுவாக ஓட்டி கீழே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆறினதும் தானாகச் சரியாகிவிடும் இந்தக் குணம்தான் வண்டியை இத்தனை நாள் ஓட வைத்தது. இதே புகாருக்கு இதற்கு முன் இரண்டு முறை வேறு இடத்தில் ஏர் எடுத்து (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி), மேலே கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். பட்டறையில் நிற்கும் வண்டியில் லீவர் நன்றாகத்தான் இருக்கும். மலைப்பாதை வண்டியின் பிரேக்கைச் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், எங்கே, எத்தனையாவது வளைவில், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்று ஓட்டுபவரைக் குடைந்து கேட்க வேண்டும். இந்த வண்டியில் விடை அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருந்தது.

அந்த ஐந்து நிமிடம்

மரப்பாலத்திலிருந்தே நாலாவது கியரில் வந்திருக்கிறார். இறக்கத்தில் மூன்று, இரண்டு என்று இறக்கப் பார்த்தால் கியர் விழுவதில்லை. விழுந்தாலும் வண்டி தூக்கிப் போடுகிறது. சில சமயம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதிலும் சேராமல் நின்றுவிடுகிறது. அதனால் பல மாதங்களாக இறக்கம் முழுக்க நாலில் விட்டு, வேகத்தை பிரேக்கில் மட்டும் அடக்குவது பழக்கமாகிவிட்டது. நேரான இடம் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரல்.

அன்று ஒரு வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. கொண்டை ஊசியில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றார். நாலாவது கியரில், கிளட்சைப் பிடித்தபடி. பஸ் போன பிறகு ஒன்றுக்கு இறக்கப் பார்த்தால் கியர் நகரவில்லை. எப்படியோ நியூட்ரல் கிடைத்தது. சரி, இறக்கம்தானே என்று நியூட்ரலிலேயே உருட்டிவிட்டார். அடுத்த வளைவில் லீவர் காலி.

இதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது, வண்டி நின்ற நேரம். ஓடும்போது டிஸ்க்கில் காற்று அடிக்கும். நின்றால் அது கிடையாது. டிஸ்க்கிலும் அதைப் பற்றும் பேடிலும் தேங்கிய சூடு, பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாக, அதைத் தாங்கும் காலிபருக்குள் இருக்கும் ஆயிலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, லீவரை விட்டது. லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஆயில் அழுத்தத்தில் இருக்கும், அப்போது எளிதில் கொதிக்காது. லீவரை விட்டதும் அழுத்தம் இறங்கி, கொதிநிலையை எட்டியிருந்த ஆயில் அங்கேயே குமிழ் விடும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். அடுத்து லீவரைப் பிடிக்கும்போது கையின் வேலையெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். மூன்றாவது, நியூட்ரல். இன்ஜின் ஒரு துளியும் இழுத்துப் பிடிக்கவில்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போடலாம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325. இறக்கம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி, ஆள், லோடு மூன்றும் சேர்த்து 270 கிலோ. இந்த எடை அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 40 லட்சம் ஜூல். 20 டிகிரியில் இருக்கும் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். எதிர்க்காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜினை விலக்கிவிட்டால் அத்தனையும் உள்ளங்கை அகல இரண்டு பேடுக்கும், பின் டிரம்முக்குள் அழுத்தும் இரண்டு ஷூவுக்கும்தான். பக்கத்திலேயே இறங்கும் மலை ரயிலைப் பாருங்கள். பல்சக்கரம் பற்றிக்கொண்டு, பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நின்று, சுமையைப் பல இடங்களில் பகிர்ந்துதான் அதை இறக்குகிறார்கள்.

பிரித்துப் பார்த்ததில்

முன் பிரேக் ஆயில் கொதித்த டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. கேட்டதில் நான்கு வருடமாக முழுதாக மாற்றவே இல்லை. டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, ஈரமானால் 155. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஹோஸ் வழியாகவும் மூடியின் ரப்பர் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பதே எங்கள் கணக்கில் தாராளம். இறக்கத்தில் தினம் ஓடும் வண்டிக்கு வருடம் ஒரு முறை மாற்றுவது நல்லது.

முந்தைய இரண்டு முறையும் ஏர் எடுத்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கே விளங்கியது. லீவர் பக்கம் இருக்கும் மேல் டப்பாவில் ஆயில் ஓரளவு தெளிவாக இருந்தது. கீழே காலிபரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்ததும் கறுப்பாக வந்தது. மேலே ஊற்றிய புது ஆயில் காலிபரை எட்டவே இல்லை. சூடு படுவதோ காலிபரில் இருக்கும் ஆயிலுக்குத்தான்.

காலிபர் சறுக்கி நகரும் இரண்டு பின்களில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் உள்ளே போனதால். பிஸ்டன் பக்கப் பேடு ஏறக்குறைய தீர்ந்து, எதிர்ப்பக்கப் பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இப்படி ஏறுமாறாகத் தேய்ந்திருந்தாலே காலிபர் பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லீவரை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை விட்டு முழுதாக விலகாது. பிடிக்காதபோதும் உரசிச் சூடேறும். டிஸ்க்கில் நீலம் படர்ந்திருந்தது. ஆனால் தடிமன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்ததாலும், சுற்றிப் பார்த்ததில் ஆட்டம் இல்லாததாலும் அதை மாற்றவில்லை.

பின் பிரேக் கதை வேறு. பெடலில் ப்ளே, அதாவது பிடிக்கத் தொடங்கும் முன் இருக்கும் வெறும் அசைவு, சுத்தமாக இல்லை. கம்பியின் நட்டை முறுக்கி முறுக்கி, டிரம்முக்கு வெளியே இருக்கும் தேய்மானக் குறி எல்லையைத் தாண்டியிருந்தது. ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது. முன் லீவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்தால் ஆயிலில் கோளாறு. பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் ஷூவின் மேற்பரப்பு வெந்துவிட்டது. ஓட்டுபவர் சொன்ன அந்த ஒரே வரியில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. ப்ளே இல்லாததற்கு மேல், கம்பூட் போட்ட கால் பெடல்மேலேயே ஓய்வெடுத்திருக்கிறது. பெடலின் ஒரு பக்கம் மட்டும் ரப்பர் தேய்ந்திருந்ததில் அது தெரிந்தது.

இனி கிளட்ச். லீவர் நுனியில் ப்ளே 30 மி.மீக்கு மேல். கேபிளின் கீழ் முனையில் இழைகள் பிரிந்து, நான்கைந்து மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தன. லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிரியவில்லை. கியர்கள் பக்கவாட்டுப் பற்களால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுழல்கின்றன. அந்தப் பற்கள்மேல் விசை இருக்கும்வரை அவை பிடியை விடாது. இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும் விசை அங்கே எப்போதும் இருக்கும். கிளட்ச் அதை முழுதாகத் துண்டித்தால்தான் கியர் நழுவி அடுத்ததற்குப் போகும். பாதி பிரிந்த கிளட்சில் காலால் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. அழுத்தி அழுத்திக் கடைசியில் நகர்ந்தால் தூக்கிப்போடும்.

செயினும் தன் பங்குக்கு 50 மி.மீ தொங்கியது. ஆக்சிலேட்டரை மூடும்போதெல்லாம் தொய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவி, வண்டி வெடுக்கென்று இழுக்கும். இந்த இழுப்புக்கு பயந்தே பலர் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி வருகிறார்கள்.

செய்த வேலை

கிளட்சிலிருந்து தொடங்கியது. புதுக் கேபிள் போட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் எங்கும் இறுகாதபடி வழி விட்டோம். முதலில் ஹேண்டில் பக்க அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே முறுக்கிவிட்டு, ப்ளேயைக் கீழ்ப் பக்க நட்டில் வைக்க வேண்டும். மேல் அட்ஜஸ்டர் பிற்பாடு சாலையில் நுணுக்கமாகத் திருத்தத்தான். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீக்குள் நிறுத்தியது. இதைவிடக் குறைந்தால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். மாலையில் குன்னூருக்கு ஏற வேண்டிய வண்டிக்கு அதுவும் ஆகாது. பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, முதல் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துப் பார்த்தால் பின் சக்கரம் மெல்லச் சுற்றும். ஆயிலின் பசையால் அவ்வளவு சுற்றுவது இயல்பு. பின் பிரேக்கை லேசாக அழுத்தினால் இன்ஜின் திணறாமல் சக்கரம் நிற்க வேண்டும். கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோகக் கூடாது.

இன்ஜின் ஆயில் கறுத்து நீர்த்திருந்ததால் அதையும் மாற்றியது. கையேட்டில் சொன்ன தரம், டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறி ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலில் வழுக்கல் கூட்டும் சரக்கு சேர்த்திருப்பார்கள், ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் பைக் கிளட்ச் அதில் வழுக்கும். செயினை 25 முதல் 35 மி.மீக்குள் வைத்தது, ஆள் உட்கார்ந்தபடி ஒரு முறை சரிபார்த்து. கியர் லீவரின் முன் மிதியை ஒரு பல் இறக்கிப் போட்டது, கம்பூட் நுனி அதன்மேல் தடையில்லாமல் ஏறும் அளவுக்கு. சின்ன விஷயம்தான். ஆனால் காலைத் தூக்கித் தேடித்தான் கியரை எட்ட வேண்டும் என்றால் வளைவுக்கு முன் யாரும் கியர் இறக்கமாட்டார்கள்.

காலிபரைக் கழற்றி, பின்களைக் கம்பி பிரஷ்ஷால் துருநீக்கி, குழி விழுந்திருந்த ஒன்றை மாற்றி, புது ரப்பர் உறைக்குள் சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டது. சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிஸ்டனை லீவரால் சில மி.மீ வெளியே தள்ளி, சுற்றிலும் புது பிரேக் ஆயிலால் துடைத்தது. இந்த இடத்தில் பெட்ரோலைத் தொடவே கூடாது. சீல் ஊதி, பிஸ்டன் இறுகி, சுத்தம் செய்யாமல் விட்டிருந்ததைவிட மோசமாகிவிடும்.

ஆயில் மாற்றுவதற்கு முன் பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ள வேண்டும், நிப்பிளைத் திறந்து வைத்து, பழைய ஆயில் மேலே ஏறாமல் குழாய் வழியாக வெளியே போகும்படி. காலிபரின் வயிற்றில் தேங்கிய கறுப்பு ஆயில் இப்படித்தான் போகும். பிறகு மூடியில் அச்சிட்டிருக்கும் வகையைப் பார்த்தது. இந்த வண்டியில் 3 அல்லது 4 என்றிருந்ததால் டாட் 4 ஊற்றியது. டாட் 5 என்பது சிலிகான் ரகம், இவற்றோடு சேராது. லீவரை மூன்று முறை அடித்துப் பிடித்துக்கொண்டு, 8 மி.மீ ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அதன் பிறகே லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். மேல் டப்பா ஒரு முறைகூடக் காலியாகக் கூடாது. குமிழும் கறுப்பும் நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை செய்ததில் சுமார் 150 மி.லி போனது. லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் குமிழுக்கு ஹேண்டிலைத் திருப்பி அந்த முனையை உயரத்தில் வைத்து, ஹோஸை விரலால் தட்டி, லீவரை ரப்பர் போட்டு இறுக்கி இரவு முழுக்க விட்டது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது. புது ஆயில் வாங்கிய டப்பாவில் மிச்சம் இருந்ததை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்கவில்லை. திறந்த டப்பாவும் ஈரம் குடிக்கும்.

பின் ஷூக்கள் இரண்டும் புதிது. டிரம்மின் உள் விட்டம் 131 மி.மீ எல்லைக்குள் இருந்ததால் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை மட்டும் எடுத்தது. தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், மூச்சில் போகக் கூடாத தூசி அது. ஷூவை விரிக்கும் கேமின் தண்டில் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், மிஞ்சினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கும். பெடல் ப்ளே 20 முதல் 30 மி.மீ. தேய்ந்த ஷூவை மாற்றாமல் வெளிக்கையைக் கேம் தண்டில் ஒரு பல் தள்ளிப் போட்டு ஓட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மலையில் இதைச் செய்யவே கூடாது. கேம் அளவுக்கு மீறித் திரும்பி, மீளாமல் மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் இறுகிவிடும்.

புதுப் பேடும் ஷூவும் போட்டதும் நேரே இறக்கத்துக்கு விடவில்லை. சமமான சாலையில் 40 கி.மீ வேகத்திலிருந்து 10 வரை இதமாக இறக்கி, நடுவில் ஆறவிட்டு, இருபது முறை. மேற்பரப்பு முழுக்கப் படியாத பேடு முதல் நாளே வெந்துவிடும்.

ஓட்டும் கை

சாமான் எல்லாம் மாற்றியும் பழக்கம் பழையபடி இருந்தால் ஆறு மாதத்தில் வண்டி திரும்ப வந்து நிற்கும். ஓட்டுபவரைக் கூட வைத்துக்கொண்டு கியர் இறக்கும் முறையைச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

எந்தக் கியரில் அந்த இடத்தை ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். இந்தச் சாலையின் கொண்டை ஊசிகளுக்கு லோடோடு இரண்டாவது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 வளைவுப் பாதை இன்னும் செங்குத்து, அங்கே ஒன்றும் தேவைப்படும். வளைவு கண்ணில் பட்டதும், வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து விட வேண்டும். பிறகு கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரு சிட்டிகை கொடுத்து மூடி, அதே நொடியில் ஒரு கியர் இறக்கி, கிளட்சை மெதுவாக விட வேண்டும். அந்தச் சிட்டிகைதான் இன்ஜின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்றிவிடுகிறது. தூக்கிப்போடுவது நின்றுவிடும். ஒரு முறைக்கு ஒரு கியர் மட்டும். இரண்டை ஒன்றாக இறக்கி கிளட்சைச் சட்டென்று விட்டால், பனி நனைத்த சாலையில், யூகலிப்டஸ் இலை கிடக்கும் இடத்தில், பின் சக்கரம் இறுகி வழுக்கும்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். லேசாகத் தொட்டபடியே வருவதுதான் இதமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆற நேரமே கிடைக்காமல் சூடு ஏறிக்கொண்டே போவது அப்போதுதான். கூட்டுப் பிரேக் உள்ள 125 சிசிக்குட்பட்ட வண்டிகளில் பெடல்மேல் கால் வைத்திருந்தால் முன் பிரேக்கும் சேர்ந்தே சூடாகும். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியமும் இங்கே உதவாது. சக்கரம் இறுகாமல் காப்பதுதான் அதன் வேலை, ஆயில் கொதிப்பதை அது தடுக்காது.

எதிரே பஸ் வந்தால், நிற்பதற்கு முன் உருண்டுகொண்டிருக்கும்போதே கியரை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பைக் கியர்ப்பெட்டி சுழன்றால்தான் பற்கள் ஒன்றுக்கொன்று நேராக வந்து சேரும். நின்ற பிறகு நாலிலேயே மாட்டிக்கொண்டால் வண்டியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி, கிளட்சை விட்டுப் பிடித்து, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கியர் விழாமல் கிளம்பவே கூடாது. நியூட்ரல் கணக்குக்கும் ஒரு பதில்: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 மாசு விதிப்படியான இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓட வைக்கப் பெட்ரோல் போகும். இவருடையதைப் போன்ற கார்பரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சமாகலாம், ஒரு செட் பேடு விலைக்கு அது ஈடாகாது.

இத்தனைக்கும் மேல் லீவர் மெத்தென்று ஆகிவிட்டால், முன்பு அவர் செய்தது போலவே படபடவென்று அடிக்க வேண்டும், கிளட்சைப் பிடித்தே வைத்திருக்காமல் கியரை ஒவ்வொன்றாக இறக்க முயல வேண்டும், மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும். நின்ற பிறகு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும். தானாக ஆறட்டும்.

சோதனை

அதே 60 கிலோ லோடோடு குன்னூரிலிருந்து இறக்கி, மரப்பாலம், பர்லியாறு, கல்லாறு மூன்று இடத்திலும் நிறுத்திப் பார்த்தது. நிறுத்தியதும் ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை லீவரைப் பிடித்து, கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சூடு ஆயிலுக்கு இறங்குகிறதா என்பது அந்த இரண்டாவது பிடியில் தெரியும். மூன்று இடத்திலும் இரண்டு விரல், மாற்றமில்லை. பின் டிரம் மேல் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் மரப்பாலத்தில் வழிந்து ஓடியது. பர்லியாற்றில் மெல்ல ஆவியானது. கல்லாற்றில் சுர்ரென்றது. பின் பிரேக்கை இன்னும் அதிகமாகவே பயன்படுத்துகிறார் என்று அதில் தெரிந்தது. மறுநாள் முன் பிரேக்கைக் கூடுதலாகச் சேர்த்து இறங்கச் சொன்னதில் கல்லாற்றிலும் சொட்டு சத்தமில்லாமல் காய்ந்தது.

முன் ஹோஸின் வளைவில் மேல் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. லீவரை இறுக்கிப் பிடிக்கும்போது அந்த இடம் உப்பவில்லை, கசிவும் இல்லை. அடுத்த மாதம் பேடு பார்க்க வரும்போது அதையும் மாற்றிவிட வேண்டும் என்று வண்டிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறது.